எங்கள் தெரு எந்த மண்டலம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். கைத்தறிக் குழியில் கால் வைத்து நெய்த தாத்தா, அதன்பின் நான்கு விசைத்தறி ஓட்டிய அப்பா என இரண்டு தலைமுறையாகத் தறிச் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆகவே தறிக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கும் தொழிற்கூடங்கள் இரவில் எவ்வளவு ஒலி எழுப்பலாம் என்ற எளிய கேள்விக்கு, மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கியும் எனக்கு விடை கிடைக்காததால்தான் தங்கள் நாளிதழை நாடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய காலிமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தகரக் கூரை போட்டு ஒரு தறிக்கூடம் வந்தது. இருபதுக்கு மேற்பட்ட தறிகள்; பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு இரண்டும் உண்டு. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விழும் அடி, சுவர் வழியாகவே வந்துவிடுகிறது. இரவு மாத்திரைக்காக அம்மாவின் கட்டிலருகே வைக்கும் டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். தறியில் படிந்த பஞ்சுத் தூசியை ஊதுவதற்காக நள்ளிரவில் கம்ப்ரசரை வேறு போடுகிறார்கள். ஒருநாள் திடீரென மின்சாரம் நின்றபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த பேத்தியிடம் நான் உரக்கக் கத்திப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்து, சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் காற்றில் தூங்கிய வழக்கத்தை எங்கள் தெருவில் பல வீட்டார் விட்டுவிட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வீட்டுக்குள் சன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பது எப்படியிருக்கும் என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. தொழிற்பகுதிக்கு இதே வரம்பு பகலில் 75, இரவில் 70. இந்த இரண்டுக்கும் இடையில்தான் எங்கள் நிலைமை தொங்குகிறது. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி போன்ற இடங்களில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டில், அந்தப் பக்கம் தறி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் பக்கத்திலும் வீடுகள்தான். இப்படிக் கலந்து கிடக்கும் பகுதியைத் தகுதியுள்ள அதிகாரி தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதிப் பகுதி என்ற நான்கு வகைகளில் ஏதேனும் ஒன்றாக அறிவிக்கலாம் என்று அந்த விதிகளின் அட்டவணையிலேயே குறிப்பு இருக்கிறது. எங்கள் தெரு எந்த வகை என்று கேட்டால், ஓர் அலுவலகத்தில் 'குடியிருப்பு' என்றார்கள், இன்னொன்றில் 'தொழில் நடக்கிற இடம்தானே' என்றார்கள். 45க்கும் 70க்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தூக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் உள்ள தூரம்.

வரம்பு தெரிந்துவிட்டாலும் மேலும் இரண்டு இடங்களில் முட்டுக்கட்டை உண்டு. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்யலாம் என்கிறது விதி. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. அதாவது, பகலுக்கு உரிய 55 டெசிபலை நடுஇரவில் எட்டிய பிறகுதான் நாங்கள் வாய் திறக்கலாம். இரண்டாவது, இந்த வரம்பு சராசரி அளவு. மற்ற நேரமெல்லாம் அமைதியாக இருக்கும் ஓர் இரவில் ஐந்து நிமிடம் மட்டும் 65 டெசிபலில் கம்ப்ரசர் ஓடினால், எட்டு மணி நேரச் சராசரி 45ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் விழித்த எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு அதன்பின் உறக்கம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்முடைய 45ஐயாவது மெய்யாகவே காப்பாற்றினால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

தறி ஓட்டுபவரின் காதும் இதில் அடக்கம். தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே உச்சவரம்பு. தகரக் கூரையின் கீழ் இருபது தறி சேர்ந்து அடித்தால் அதைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. அறுபது வயதில் என் அப்பாவுக்கு வாசலில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. வயதாகிவிட்டது என்றுதான் அப்போது நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இதைத் தணிக்க வழி இல்லாமலில்லை. தறியின் கால்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் பட்டை வைப்பது, வீட்டுச் சுவரைத் தொடாமல் இடைவெளி விட்டுத் தனிச் சுவர் எழுப்புவது, தகரத்துக்குக் கீழே ஒலியை உறிஞ்சும் தடுப்பு அமைப்பது, கம்ப்ரசரைப் பகலில் மட்டும் இயக்குவது ஆகியவை எந்தப் பட்டறைக்காரருக்கும் புரியக்கூடியவைதாம். நாடா இல்லாத ரேப்பியர் தறியில் இந்த அடி இல்லை என்றாலும் அதன் விலை சிறு முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. நாலு தறி, ஆறு தறி வைத்துப் பிழைப்பவர்களிடம் நோட்டீசை நீட்டிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் தரும் அரசு, குடியிருப்புக்குள் இருக்கும் கூடங்களில் ஒலித் தடுப்பு அமைக்கவும் மானியம் தர வேண்டும். அதற்குரிய கால அவகாசமும் தரலாம். ஆனால் வீடுகளுக்கு நடுவே இனிமேல் புதிதாக வரும் கூடங்களுக்கு, இந்தத் தடுப்புகள் இருந்தால்தான் உரிமம் என்ற கண்டிப்பு வேண்டும்.

மாவட்ட ஆட்சியரும் மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து அமர்ந்து, இந்தக் கலப்புப் பகுதிகளைத் தெருவாரியாக வகைப்படுத்தி, எழுத்தில் அறிவிக்க வேண்டும். அளவெடுக்க வருபவர்கள் பகல் பதினொரு மணிக்குத் தெருமுனையில் கருவியை வைக்காமல், இரவு இரண்டு மணிக்குப் புகார் செய்தவர் வீட்டுச் சன்னலருகே வைக்க வேண்டும். சராசரியோடு உச்ச அளவையும் குறித்து, அந்தத் தாளின் நகலைப் புகார்தாரரிடமும் தறிக்கூடத்தாரிடமும் கொடுக்க வேண்டும். என் மனு இரண்டாவது முறையாகக் கடந்த மாதம் பதிவாகியிருக்கிறது. எந்த இரவில் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்மாப்பேட்டை, சேலம்.