என் கட்சி ஆன்டீட்டம்

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச காலம் எதையும் உற்றுப் படிக்க வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். நீ என்னைத் திட்டியிருந்த இடங்களில் மட்டும் அவள் குரல் நன்றாக எழும்பியது. இப்போது பார்வை தெளிந்துவிட்டது. பதிலுக்குத் திட்ட நானே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகன் வேலை மாறி, நாங்கள் எல்லாரும் மேரிலாந்தில் ஃபிரெடரிக் என்ற ஊருக்குக் குடிவந்துவிட்டோம். (நீ படித்துக்கொண்டிருக்கும் ஃபிரெடரிக்ஸ்பர்க் வேறு, அது வர்ஜீனியாவில் இருக்கிறது. குழப்பிக்கொள்ளாதே.) இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டிஸ்பர்க்கும் போகலாம், ஆன்டீட்டமும் போகலாம். ஓய்வுபெற்ற பிறகு நீ, அடிமைமுறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் வடக்கோடு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் தலையைக் கொடுத்திருக்கிறாய். போர் நடந்த இடத்தில் குடியிருப்பவன் நான். அதனால் உன்னோடு சண்டை போட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க்தான் போரின் திருப்புமுனை, அங்கே மூன்றே நாளில் 51,000 பேர் செத்தார்கள், அதோடு தெற்கின் முதுகெலும்பு முறிந்தது, மற்றதெல்லாம் பின்கதை என்று எழுதியிருக்கிறாய். முதலில் எண்ணைச் சரிபண்ணிக்கொள். அந்த 51,000 செத்தவர் கணக்கு இல்லை. காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் சேர்த்துச் சொல்வது. களத்திலேயே உயிர்விட்டவர்கள் ஏழாயிரத்தைத் தாண்டுவார்கள். போர்ப் புத்தகங்களில் வருகிற இழப்புக் கணக்கு எல்லாமே இப்படித்தான். நான் இனிமேல் சொல்லப்போகும் எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்.

இரண்டாவது, திருப்புமுனை. என் கட்சி ஆன்டீட்டம். 1862 செப்டம்பர் 17. ஒரே நாள். விடியற்காலையில் தொடங்கி இருட்டும்போது முடிந்துவிட்டது. அதற்குள் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் விழுந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு ரத்தம் சிந்திய ஒற்றை நாள் இன்றுவரை வேறு இல்லை.

அதற்கு முந்தைய நிலைமையைப் பார். ஆகஸ்ட் கடைசியில் வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே புல் ரன்னில் வடக்குப் படை இரண்டாம் முறையாக உதை வாங்கியது. தெற்குப் படைத் தளபதி லீ அந்தச் சூட்டோடு போடோமக் ஆற்றைக் கடந்து மேரிலாந்துக்குள் நுழைந்தார். இங்கிலாந்தும் பிரான்சும் சமரசம் பேசலாமா, தெற்கைத் தனி நாடாக ஒப்புக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. லிங்கனின் மேசை இழுப்பறையில் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவு கிடந்தது. ஜூலையிலேயே அமைச்சரவையில் அதை வாசித்துவிட்டார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் கையாலாகாதவன் கூச்சலாகத் தெரியும், ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவார்டு தடுத்துவிட்டார். சரி என்று லிங்கன் காத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் கதைக்குள் வருகிறது. ஃபிரெடரிக்குக்கு வெளியே, தெற்குப் படை தங்கிவிட்டுப் போன ஒரு வயலில், வடக்குச் சிப்பாய்களுக்கு மூன்று சுருட்டு கிடைத்தது. சுருட்டைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தால், அது லீ தன் தளபதிகளுக்கு அனுப்பிய ஆணை! படையை எப்படிப் பிரித்திருக்கிறார், எந்தப் பிரிவு எங்கே போகிறது, எல்லாம் அதில் இருந்தது. இப்படியொரு அதிர்ஷ்டம் எந்தத் தளபதிக்கும் வாய்க்காது. ஆனால் வாய்த்தது வடக்குப் படைத் தளபதி மெக்லெல்லனுக்கு. அவர் படையை நன்றாகப் பயிற்றுவார். சண்டைக்கு அனுப்பத்தான் மனசு வராது. எதிரியிடம் எத்தனை பேர் என்று யாராவது சொன்னால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வார். மறுநாள்தான் நகர்ந்தார். அதற்குள் லீ சிதறியிருந்த படையை ஆன்டீட்டம் ஓடைக்குப் பக்கத்து ஊரான ஷார்ப்ஸ்பர்க்கில் ஒன்றுசேர்க்கத் தொடங்கிவிட்டார்.

களத்தை நான் பல தடவை நடந்து பார்த்திருக்கிறேன். காலையில் சண்டை நடந்தது மில்லர் என்பவரின் மக்காச்சோளக் கொல்லையில். ஆளுயரப் பயிர். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, வெயிலில் துப்பாக்கி முனைகள் மட்டும் மேலே மின்னும். வடக்குத் தளபதி ஹூக்கர் பீரங்கிகளைத் திருப்பிச் சுடச்சொன்னார். ஒரு தட்டைகூட நிற்கவில்லை, கத்தியால் அறுத்தது போல இருந்தது என்று பிறகு அறிக்கையில் எழுதினார். அந்தக் கொல்லை எத்தனை முறை கைமாறியது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. டெக்சாஸ் முதலாம் படைப்பிரிவு உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் விழுந்திருந்தார்கள். பக்கத்திலேயே வெள்ளையடித்த ஒரு சின்னக் கட்டடம். கோபுரம் கிடையாது. டங்கர்கள் என்னும் ஜெர்மானிய வழி வந்த கிறித்துவர்களின் வழிபாட்டு வீடு. போரே பாவம் என்று நம்பியவர்கள் அவர்கள். அன்று காலை வடக்குப் படை குறிவைத்து முன்னேறியது அந்தக் கட்டடத்தைத்தான்.

நடுப்பகலில் சண்டை ஒரு வண்டிப்பாதைக்கு நகர்ந்தது. பல வருடம் வண்டி ஓடி ஓடித் தேய்ந்து, பாதை நிலமட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. தெற்குச் சிப்பாய்களுக்கு அது வெட்டிவைத்த பதுங்குகுழி. மேட்டில் ஏறி வந்தவர்களை வரிசை வரிசையாகச் சுட்டார்கள். அப்புறம் வடக்குப் படை பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பிடித்து, பாதையின் நீளத்துக்கே சுட ஆரம்பித்தது. குழியே பொறியாகிவிட்டது. மூன்று மணி நேரத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். அதற்கு ‘ரத்தப் பாதை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பேரனை அங்கே இறக்கி நிற்கவைத்தேன். ஓரத்து மண் அவன் தோளுக்கு வந்தது.

இதற்கிடையில் ஒரு கூத்தும் நடந்தது. பென்சில்வேனியாவின் 132-ஆம் படைப்பிரிவு, பட்டாளத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, புதுசுகள். ரூலெட் என்பவர் பண்ணை வழியாக முன்னேறும்போது அவர் வளர்த்த தேனீக் கூடுகள் கவிழ்ந்துவிட்டன. குண்டுக்கு வரிசை கலையாதவர்கள் தேனீக்குக் கலைந்து ஓடினார்கள். அதிகாரிகள் திரும்ப அணிவகுக்கவைத்து, அந்த வண்டிப்பாதையை நோக்கித்தான் அனுப்பினார்கள்.

பிற்பகல் சண்டை ஆன்டீட்டம் ஓடைப் பாலத்தில். மூன்று வளைவுக் கல் பாலம், குறுகலானது. அக்கரைச் சரிவில் தெற்குப் படையின் ஜார்ஜியாக்காரர்கள் சுமார் ஐந்நூறு பேர். இக்கரையில் வடக்குத் தளபதி பர்ன்சைடின் கீழ் ஆயிரக்கணக்கானவர்கள். கடக்க மூன்று மணி நேரம் ஆனது. ஓடையைப் போய்ப் பார்த்தால் உனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும், சில இடங்களில் இறங்கியே கடந்துவிடலாம். ஒருவழியாகக் கடந்து ஊரை நெருங்கும்போது, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலிருந்து 17 மைல் வேகநடையில் வந்த தெற்குத் தளபதி ஏ.பி. ஹில்லின் பிரிவு பக்கவாட்டில் புகுந்து தள்ளிவிட்டது. பொழுது சாய்ந்தது. மெக்லெல்லன் கையில் இரண்டு மடங்கு ஆள் இருந்தும், ஒரு பெரும்பகுதியை அவர் களத்தில் இறக்கவே இல்லை. மறுநாள் இரவு லீ ஆற்றைக் கடந்து போய்விட்டார். போகவிட்டார்கள்.

இது வெற்றியா என்று நீ கேட்பாய். பாதி வெற்றி. லிங்கனுக்கு அது போதுமாக இருந்தது. ஐந்தே நாளில், செப்டம்பர் 22-ஆம் தேதி, இழுப்பறையில் இருந்ததை வெளியே எடுத்தார். 1863 ஜனவரி 1 முதல், கலகம் செய்யும் மாநிலங்களில் அடிமைகள் எல்லாரும் விடுதலை பெற்றவர்கள். அதன்பிறகு அடிமைமுறையைக் காக்கிற பக்கத்துக்குக் கை கொடுப்பது லண்டனுக்கும் பாரிசுக்கும் சங்கடமாகிவிட்டது. அதைவிடப் பெரிது, கறுப்பின மக்களுக்குப் படையின் கதவு திறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். 1863 ஜூலையில் வாக்னர் கோட்டையின் மதிலேறிய மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு அவர்களில் ஒன்று. நீ கெட்டிஸ்பர்க் என்கிறாயே, அங்கே வடக்கு காப்பாற்றியது ஒரு போர்க்களத்தை. ஆன்டீட்டத்தில் எதற்காகப் போர் என்பதே மாறியது.

ஒரு வேடிக்கை. அந்தப் பிரகடனம் ஆன்டீட்டம் மண்ணுக்குச் செல்லாது. மேரிலாந்து பிரிந்து போகாத மாநிலம். இங்கே அடிமைமுறை தொடர்ந்தது. 1864 நவம்பரில் மாநிலமே தன் அரசியல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் ஒழிந்தது. இதைச் சொன்னால் இங்குள்ள அக்கம்பக்கத்தாரில் பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கிறது.

கெட்டிஸ்பர்க்கை நான் மட்டம்தட்டவில்லை. மூன்றாம் நாள் பிக்கெட் தாக்குதல் நடந்த வெட்டவெளியின் ஓரத்தில் நின்றால், முக்கால் மைலுக்கு மறைவே இல்லாத அந்தச் சரிவில் 12,000 பேரைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிய லீயை மேதை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று தோன்றும். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மறுநாளே மிசிசிப்பிக் கரையில், 47 நாள் முற்றுகைக்குப் பிறகு, விக்ஸ்பர்க் வடக்குத் தளபதி கிரான்ட்டிடம் சரணடைந்தது. தெற்கை அதிகம் முடக்கியது எது என்று கேட்டால் நான் விக்ஸ்பர்க்கைச் சொல்வேன். அங்கே ஆற்றோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 30,000 பேர் கொண்ட ஒரு முழுப் படையையும் தெற்கு இழந்தது. இது உன் கட்சிக்கு இன்னொரு அடி.

“முதுகெலும்பு முறிந்தது” என்றாயே, முறிந்த பிறகா சிக்கமாகாவில் 34,000 பேர் விழுந்தார்கள்? அது கெட்டிஸ்பர்க் முடிந்து இரண்டரை மாதத்தில். வென்றதும் தெற்குதான். அடுத்த வருடம் வர்ஜீனியாவில் கிரான்ட் நடத்தியது இன்னும் கொடுமை. வில்டர்னஸ் காட்டில் தீப்பிடித்து, நகர முடியாத காயக்காரர்கள் எரிந்தார்கள். ஸ்பாட்சில்வேனியாவில் மே 12 அன்று ஒரு மண்மேட்டுக்காக மழையில் இருபது மணி நேரத்துக்கு மேல் கைகலப்பு. அங்கிருந்த ஒரு ஓக் மரத்தின் அடிக்கட்டையை வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். 22 அங்குலக் குறுக்களவு. பீரங்கி பட்டு விழுந்த மரம் கிடையாது. துப்பாக்கித் தோட்டாக்களே கொறித்துக் கொறித்துச் சாய்த்தவை. மனிதர்கள் அந்த மரத்துக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். கோல்டு ஹார்பரில் ஜூன் 3-க்கு முன்னால் சிப்பாய்கள் பெயரும் ஊரும் எழுதிய சீட்டைச் சட்டை முதுகில் குத்திக்கொண்டதாகக் கிரான்ட்டின் உதவி அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். பிணத்தை வீட்டுக்கு அனுப்ப அடையாளம் வேண்டுமே. அந்தத் தாக்குதலுக்காக வருந்துவதாகக் கிரான்ட்டே தன் நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

ஏன் இவ்வளவு சாவு என்று கேட்டிருந்தாய். தோளோடு தோள் உரசி வரிசையாக நடப்பது பழைய துப்பாக்கிக் காலத்துப் பயிற்சி. நூறு கஜம் தாண்டினால் அந்தத் துப்பாக்கிக்குக் குறி நிற்காது. புதுத் துப்பாக்கியின் குழலுக்குள் சுருள்வரி. அதிலிருந்து புறப்படும் மினியே தோட்டா முன்னூறு கஜத்திலும் ஆளைச் சாய்க்கும். கனத்த மெத்தென்ற ஈயம், எலும்பில் பட்டால் நொறுக்கிவிடும், கை காலை வெட்டுவதைத் தவிர வைத்தியருக்கு வழியில்லை. பழக்கம் மாற மூன்று வருடம் ஆனது. ஆனாலும் தோட்டாவைவிட அதிகம் கொன்றது நோய்தான். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, அம்மை. செத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படிப் போனவர்கள். மொத்தம் 6,20,000 என்பது பழைய கணக்கு; மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய ஏழு லட்சம் அல்லது அதற்கும் மேல் என்கிறார்கள்.

ஆன்டீட்டம் இடுகாட்டில் வடக்குச் சிப்பாய்கள் 4,776 பேர். அதில் 1,836 கற்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தெற்குக்காரர்களை அங்கே சேர்க்கவே இல்லை. ஹேகர்ஸ்டவுனிலும் எங்கள் ஃபிரெடரிக்கிலும் புதைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் விழுந்தவர்களுக்குத் தனித்தனி ஊர். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, விழுந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று களம் முழுக்க 23,000 விளக்கு வைக்கிறார்கள். கார் வரிசை மைல் கணக்கில் நிற்கும். குளிரில் எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, பாதி வழியிலேயே திரும்பினோம்.

உன் மகள் கல்யாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் தெற்குத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அது முடிந்ததும் இருவருமாகக் கிளம்பி வாருங்கள். செப்டம்பர் நல்ல மாதம், அந்தக் கொல்லையில் இன்னமும் மக்காச்சோளம் போடுகிறார்கள், நடக்கவும் வெயில் தாளும். கெட்டிஸ்பர்க்குக்கும் கூட்டிப்போகிறேன், உன் கட்சியை அங்கேயே வைத்துப் பேசு. தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிடு, மகன் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்