384 பேர் எதற்கு, செல்வி?

அன்புள்ள செல்விக்கு,

இத்தனை மாதம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரியவள் கல்லூரியில் புள்ளியியல் எடுத்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் புள்ளியியல் பேசுகிற நம் ‘பி-வேல்யூ’ அண்ணன் கேட்டால் குதிப்பார், நீயே சொல்லிவிடு. அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

போன மாதம் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். முன்வைக்க வந்த பெண்ணின் கேள்வி இதுதான்: விடை தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை? கேள்வியே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி ஒரே வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறாள். ஒன்பது பிள்ளைகளோடு மறுபடி மறுபடி பேசியிருக்கிறாள்.

அவளுடைய குறிப்பேட்டிலிருந்து ஒரு இடத்தைச் சொல்கிறேன். பாடத்தை வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்கிறார் ஆசிரியர். ஒரு பையன் தனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரலால் எண்ணுகிறான். அத்தனை பத்திகளைத் தள்ளிப்போய்த் தன் பத்தியைக் கண்டுபிடித்து, உதட்டுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். முறை வரும்போது தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான். இன்னொரு நாள் ஆசிரியர் வரிசையை மாற்றித் திடீரென்று அவனைக் கூப்பிடுகிறார். எழுந்து நிற்கிறான், சத்தமே வரவில்லை. ‘வீட்டில் படிப்பதே இல்லை’ என்று ஆசிரியர் உட்கார வைத்துவிடுகிறார். அவன் நண்பர்கள் மூன்று பேர் வாசிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் இருந்தான் என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறாள்.

இதை அவள் படித்து முடித்ததும் குழுவில் ஒருவர் கேட்டார்: “ஒன்பது பேரை வைத்து என்ன பொதுமைப்படுத்த முடியும்? கருதுகோள் எங்கே? 384 பேருக்கு வினாநிரல் கொடுத்துவிட்டு வாருங்கள்.” நான் மறுத்துப் பேசினேன். கடைசியில் ‘சர்வே ஒன்றைச் சேர்க்க வேண்டும்’ என்று பதிவாயிற்று. இரண்டே வாரத்தில் வினாநிரல் என் மேசைக்கு வந்துவிட்டது. முதல் வாசகம்: ‘வகுப்பில் பேச எனக்குத் தயக்கமாக உள்ளது.’ எதிரே, எவ்வளவு உடன்படுகிறாய் என்று குறிக்கச் சொல்லும் லிக்கர்ட் அளவுகோலின் ஐந்து கட்டங்கள், ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி. வாசிக்கப் பயப்படுகிற பிள்ளை கையில் நாற்பது வாசகங்களை வாசிக்கக் கொடுக்கப்போகிறோம், செல்வி. அதுவும் அதே வகுப்பறையில், அதே ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போது. எண்ணிக் கண்டுபிடித்து உதட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறானே, அந்த உத்தி எந்தக் கட்டத்தில் விழும்?

அந்த 384-ஐ எடுத்துக்கொள். எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று 1970-இல் கிரெஜ்சியும் மார்கனும் போட்ட அட்டவணையிலிருந்து வருகிற எண் அது. மொத்தம் பத்து லட்சம் பேர் இருந்தால் 384 பேர் போதும், ஆயிரம் பேர் இருந்தால் 278 பேர் வேண்டும் என்று போகும். அந்த அட்டவணை பதில் சொல்வது ஒரே ஒரு வகைக் கேள்விக்கு: ஒரு மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் இப்படி இருக்கிறார்கள்? அதற்கும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், 95 சதவீத நம்பிக்கை, ஐந்து சதவீதப் பிழைவரம்பு என்று நிபந்தனைகள் உண்டு. தெரிந்த ஆசிரியர்களுக்குப் போன் போட்டு, வசதிப்பட்ட பள்ளிகளில் 384 தாள் நிரப்பி வாங்கிவிட்டு அந்த அட்டவணையை மேற்கோள் காட்டுகிற ஆய்வேடுகள் என் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தப் பெண் கேட்டது ‘எத்தனை பேர்’ என்றே இல்லை. ‘எப்படி நடக்கிறது’ என்று கேட்டாள். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே அளவுகோலை வைத்தது எனக்குத் தாங்கவில்லை.

பால் வில்லிஸின் ‘லேர்னிங் டு லேபர்’ நூலை நாம் இருவரும் ஒரே பிரதியில் மாற்றி மாற்றிப் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1977. இங்கிலாந்தில் ஒரு தொழில்நகரப் பள்ளியில் பன்னிரண்டு பையன்கள், அவ்வளவுதான். பள்ளியை அவர்கள் எதிர்க்கிற விதமே அவர்களை அப்பாக்கள் செய்த அதே உடலுழைப்பு வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று காட்டினார். இன்றைக்கும் கல்விச் சமூகவியலில் அதைத் தொடாமல் யாரும் நகர முடியவில்லை. பன்னிரண்டு போதுமா என்று யாராவது கேட்டால், எதற்குப் போதுமா என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

உடனே கொடி பிடிக்காதே! எண்ணைக் கண்டாலே நீ முகம் திருப்புகிறவள், எனக்குத் தெரியும். நான் எண்ணுக்கு எதிராக எழுதவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் கற்றல் கூடுமா என்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டு சோதனை செய்தார்கள். 79 பள்ளிகள், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு என்று குலுக்கலில் பிரித்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னுக்கு வந்தார்கள். எத்தனை வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் இதை நீயோ நானோ சொல்லியிருக்க முடியாது. குலுக்கல் இல்லாவிட்டால், அக்கறையுள்ள பெற்றோர் தேடிப்போய்ச் சிறிய வகுப்பில் சேர்த்த விளைவா இது என்ற சந்தேகம் கடைசிவரை போகாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1996-இல் கலிஃபோர்னியா மூன்றாம் வகுப்பு வரையிலான தன் தொடக்க வகுப்புகளை ஒரே மூச்சில் இருபது பேருக்குக் குறைத்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களையும் எடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளிலிருந்து அனுபவமுள்ள ஆசிரியர்கள் வசதியான மாவட்டங்களுக்குப் போய்விட்டார்கள். டென்னசியில் கிடைத்த மாதிரி தெளிவான பலன் அங்கே கண்ணில் படவில்லை. சோதனை பொய் சொல்லவில்லை. வகுப்பு சின்னதாகி, ஆசிரியரும் அறையும் முன்போலவே இருந்தால் என்ன ஆகும் என்பதை அது சொன்னது. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் செய்தால் ஆசிரியர் யார், அறை எங்கே என்பது வேறு கேள்வி. அதற்குத் தலைமையாசிரியரோடும், வேலை மாறிப்போன ஆசிரியரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். நம் வேலை, உன் வேலை, அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் குழுவில், சோதனை வடிவமைப்பு பற்றி எழுதிய கேம்ப்பெல்–ஸ்டான்லியைக் காட்டி ஒருவர் பேசினார். 1963-இல் அவர்கள், ஒரே ஒரு இடத்தையோ குழுவையோ மட்டும் பார்க்கிற ஒற்றை நேர்வு ஆய்வுக்கு அறிவியல் மதிப்பே ஏறக்குறைய இல்லை என்று எழுதினார்கள், உண்மைதான். ஆனால் அதே கேம்ப்பெல் 1975-இல் அந்தக் கருத்தைத் தானே திருத்தி, ஒரே நேர்வை நெருங்கிப் பார்க்கிறவர் தன் விளக்கம் அங்கே பல இடங்களில் பொருந்துகிறதா என்று சோதித்துக்கொண்டேதான் இருக்கிறார் என்று வாதாடினார். சோதனை வடிவமைப்புக்கே பெயர்போன மனிதர். பன்னிரண்டு வருடத்தில் தன்னையே மறுத்து எழுதுகிற துணிவு அவருக்கு இருந்தது. அவர் பெயரைச் சொல்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன், முகத்தைச் சுளிக்காமல் படி. எண்ணாமல், பேசியும் கவனித்தும் செய்கிற பண்புசார் ஆய்வு என்ற பெயரில் வருவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆறு நேர்காணல், தொலைபேசியில், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். பிறகு ‘மூன்று கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று எழுதுகிறார்கள். தானாக எதுவும் வெளிப்படாது, ஆய்வாளர்தான் உருவாக்குகிறார் என்று இந்த ஆய்வுமுறை பற்றி எழுதிய பிரவுனும் கிளார்க்கும் 2006-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எந்த வரியைப் பார்த்து, எதை ஒதுக்கி, ஏன் அப்படித் தொகுத்தாய் என்று கேட்டால் ‘மேடம், இது விளக்கமுறைச் சட்டகம்’ என்று பதில் வருகிறது; சட்டகம் என்றால் ஆய்வின் அடிப்படை நம்பிக்கைகள், அவ்வளவுதான். அது எப்படிப் பதிலாகும்? இதே முறைக்கு இலக்கணம் எழுதிய லிங்கனும் குபாவும் 1985-இல் நம்பகத்துக்கு என்னென்ன கேட்டார்கள்! களத்தில் நீண்ட நாள் இருக்க வேண்டும். கண்டதைச் சம்பந்தப்பட்டவர்களிடமே திரும்பக் காட்ட வேண்டும். தன் முடிவுக்கு எதிரான நிகழ்வைத் தேடிப்போக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் சர்வேயைவிடக் கடினமான வேலை இது.

அப்புறம் ஆய்வேடுகளில் ஆய்வுமுறையைச் சொல்கிற அந்த மூன்றாம் இயல். நேர்க்காட்சிவாதம், விளக்கமுறை, விமர்சனமுறை, பயன்வழிவாதம் என்று சட்டகங்களின் பெயர்களாகவே பதினைந்து பக்கம். ஏறத்தாழ ஒரே வாசகங்கள் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு நகர்கின்றன. ‘உண்மை பலவகைப்பட்டது, கட்டமைக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிற டி-சோதனை போடுகிறார்கள். டி-சோதனை போடுவது குற்றமில்லை. எழுதிய நம்பிக்கை செய்த வேலையில் எங்கேயாவது கை வைத்ததா என்றுதான் கேட்கிறேன். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1958-59-இல் ஸ்டான்ஃபோர்டில் சமூக அறிவியலாளர்கள் நடுவே ஒரு வருடம் இருந்தார். எது சரியான பிரச்சினை, எது சரியான முறை என்பதிலேயே இவர்கள் இப்படிச் சண்டை போடுகிறார்களே, இயற்பியலில் இது இல்லையே என்று யோசித்துத்தான் சட்டகம் என்ற கருத்துக்கு வந்தார். நமக்குள் இருந்த சண்டையிலிருந்து பிறந்த கருத்து அது. அதையே கேள்வி கேட்காமல் நிரப்பும் படிவமாக ஆக்கிவிட்டோம்.

ஒரு மாணவி தன் சட்டகத்தை இரண்டே பக்கத்தில் எழுதினாலும் எனக்குப் போதும். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதால் இங்கே உட்கார்ந்தேன், இவர்களோடு பேசினேன், இதை எண்ணவில்லை, அதனால் இன்னது எனக்குத் தெரியாது என்று சொல்லட்டும். அந்தப் பையன் எண்ணிப் பார்த்து ஒத்திகை செய்கிறான் என்று இப்போது தெரிந்துவிட்டது இல்லையா? இதற்கு மேல் நூறு வகுப்பறைகளில், வரிசையாகக் கூப்பிடும்போதும் வரிசை மாற்றும்போதும் பிள்ளைகள் வாசிப்பது எப்படி மாறுகிறது என்று யாராவது எண்ணட்டும். நானே கூடப் போய் எண்ணுவேன். ஆனால் எண்ண வேண்டியது எது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அவளையே திருப்பி அனுப்பினால், அடுத்த ஆள் என்னத்தை எண்ணுவார்?

அவள் கேள்வியையே மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். ‘சர்வே என்றால் சீக்கிரம் முடியும் மேடம்’ என்று நேற்று என்னிடம் சொன்னபோது குரலில் உயிரே இல்லை. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். உன் பழைய களக்குறிப்பேடுகள் இருக்கின்றனவே, பச்சை அட்டை போட்டவை. அதில் நீ ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த வாரமே எதிரான சம்பவம் ஒன்று வந்து, மொத்தத்தையும் அடித்து எழுதிய பக்கங்கள் உண்டு. நம் சார் பார்த்துவிட்டு ‘இதை நகல் எடுத்து எல்லாருக்கும் கொடு’ என்றாரே, அவைதான். அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பு. குழுவுக்குக் கொடுக்கும் விளக்கக் குறிப்பில், எதிர்ச்சான்று தேடும் முறையை எப்படிப் பதிவுசெய்வது என்று அவள் பார்த்துக்கொள்ளட்டும். உன் போன் எண்ணையும் அவளிடம் கொடுக்கப்போகிறேன், கூப்பிட்டால் நிதானமாகப் பேசு, உன் வழக்கப்படி அரை மணி நேரம் அவளையே பேசவிடு. குழு அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி கூடுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பக்கங்கள் வந்தால் போதும்.

அன்புடன்,
வசந்தா