காலை ஐந்தரை மணி வயிற்று வலி

ஆசிரியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை காலை எழுப்பும்போது “அம்மா, வயிறு நோகுது” என்று சுருண்டு படுக்கும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பயம் வந்தால் குடலின் அசைவு மாறும், வயிறு பிசையும். நோவு உண்மையானதே. ஏழு வயதில் ‘பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்ல வார்த்தை இல்லாததால் வயிறு பேசுகிறது. சிறுவர் மனநலம் என்றதும் கொழும்பில் ஒரு பதாகை கட்டி, ஒரு கருத்தரங்கு வைத்து, பற்றிஸும் பால் தேநீரும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதைவிட இந்த வயிற்று வலியை ஒழுங்காக விசாரிக்கத் தெரிந்திருப்பது பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் உடம்பைப் பார்க்கவேண்டும். தொப்புளைச் சுற்றி நோகிறது, பத்து மணிக்குள் மறைகிறது, சனி ஞாயிறில் எட்டியும் பார்ப்பதில்லை என்றால் மனக் காரணம் இருக்கலாம். நித்திரையைக் கலைக்கும் நோவு, வலப்பக்கக் கீழ் வயிற்று நோவு, காய்ச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் இரத்தம், உடல் மெலிதல், சிறுநீர் எரிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பள்ளிக்கூடப் பயம்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடம்புக்கும் மனதுக்கும் நடுவில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. அது மலசலகூடம். கொழுக்கி இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், இடைவேளையில் மட்டுமே போகலாம் என்ற வகுப்பு விதி. இவை மூன்றும் சேர்ந்தால் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். காலையில் நிரப்பிக் கொடுத்த போத்தல் பின்னேரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குடிக்காமலும் அடக்கிவைத்தும் வந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். பிறகு வகுப்பில் உடுப்பு நனையும், கேலி தொடங்கும். கேலிக்குப் பயந்த பிள்ளை இன்னும் குறைவாகக் குடிக்கும். இந்தச் சுழலை உடைக்க உளவளத்துணை தேவையில்லை. கதவுக்கு ஒரு கொழுக்கி, ஒரு வாளி, ஒரு கோப்பை, கேட்டவுடன் அனுப்பும் ஆசிரியர் போதும். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம், கால் தொங்காமல் ஒரு முக்காலியில் பாதம் ஊன்றி உட்காரப் பழக்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வர்ணப்பூச்சுக்கு முன்னதாக இந்தக் கொழுக்கியைக் கேளுங்கள்.

அடுத்தது நித்திரை. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலம் தேவை. வத்தளையிலிருந்தோ தெஹிவளையிலிருந்தோ வரும் பிள்ளையை ஸ்கூல் வான் ஆறு மணிக்கு ஏற்றினால் ஐந்துக்கு எழும்பவேண்டும். ஒன்பது மணித்தியாலம் என்றாலே இரவு எட்டுக்குக் கண் மூடவேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாலை வகுப்பு ஏழரைக்கு விட்டு, சாப்பிட்டு, மாதிரி வினாத்தாள் திருத்தி முடிய பத்தாகும். மறுநாள் அழுகையும் எரிச்சலும் ‘பிடிவாதம்’ அல்ல, இரண்டு மணித்தியால நித்திரைக் கடன். கிழமையில் இரண்டு மாலைகளையாவது வகுப்பில்லாமல் விட்டுப் பாருங்கள். தரம் 3 பிள்ளைக்கு இப்போதே அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை, அதாவது சித்திக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியை, பற்றி ஏன் பேசுகிறோம் என்பது வேறு கதை.

இவ்வளவும் சரியாக இருந்தும் நோவு தொடர்ந்தால் ஒரு கொப்பி எடுத்து இரண்டு கிழமை எழுதுங்கள்: எந்த நாள், நோவு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்றைய பாடங்கள். செவ்வாயும் வியாழனும் மட்டும் நோகிறது என்றால் அந்த இரண்டு நாளின் நேரசூசியில் பதில் இருக்கும். “ஏன் போகமாட்டாய்?” என்று கேட்டால் “தெரியாது” என்ற பதில்தான் வரும். “இடைவேளையில் யார் பக்கத்தில் சாப்பிட்டாய்? வானில் எந்த சீட்?” என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே வேண்டாம்; நடந்துகொண்டோ பாத்திரம் துடைத்துக்கொண்டோ கேளுங்கள். அடியைப் பற்றியும் கேட்கவேண்டும். உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. பிரம்பு எல்லா வகுப்பிலிருந்தும் போய்விடவில்லை. அடி வாங்குகிற பிள்ளையின் பக்கத்து மேசையில் இருக்கிற பிள்ளைக்கும் வயிறு நோகும்.

காரணத்தைத் தேடும்போதே பாடசாலைக்கு அனுப்புவதை நிறுத்தக்கூடாது. இங்கேதான் பாசமுள்ள வீடுகள் தவறுகின்றன. வீட்டில் நிறுத்தியதும் நோவு பறந்துவிடும்; வீட்டில் நின்றால் சுகம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும்; மறுநாள் நோவு கூடும். நிற்கத்தான் வேண்டுமென்றால் டிவியும் போனும் இல்லாத நாளாக இருக்கட்டும். “நோகுது என்றால் கோல் பண்ணு, வந்து கூட்டிக்கொண்டு போறேன்” என்று சொல்லி அனுப்பினால் ஒன்பது மணிக்குக் கட்டாயம் நோகும். பல நாள் வராத பிள்ளைக்கு முதல் நாள் இடைவேளை வரை, அடுத்த இரண்டு நாள் ஒரு மணி வரை, பிறகு முழுநாள் என்று வகுப்பாசிரியருடன் பேசி வைத்துக்கொள்ளலாம். வாசலில் ஒரே ஆசிரியர் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். விடைபெறுவது அரை நிமிடத்தில் முடியட்டும். ஆனால் சொல்லாமல் நழுவிப் போய்விடாதீர்கள். பிறகு அந்தப் பிள்ளை உங்கள் சேலைத் தலைப்பை விடாது.

வகுப்பில் நோவு வந்தால் பத்து நிமிடம் ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திரும்ப மேசைக்கு. மூன்று எண்ணும் வரை மூச்சை இழுத்து ஐந்து எண்ணும் வரை விடுவதை ஐந்து தடவை செய்யலாம். இதை அமைதியான நேரத்தில் முன்கூட்டியே பழக்கியிருக்கவேண்டும். அழுகையின் நடுவில் முதன்முறை சொல்லிக்கொடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இரண்டு மூன்று கிழமையிலும் மாற்றமில்லை, அல்லது பிள்ளை சாவைப் பற்றிப் பேசுகிறது, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டது என்றால் காத்திருக்கவேண்டாம். சாவைப் பற்றிய பேச்சு என்றால் அன்றைக்கே. பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலச் சேவை உண்டு, கட்டணம் இல்லை. சிங்களம் தடுமாறும் பெற்றோர் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். தன் நோவைத் தானே மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டாம். துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், மனநல ஆலோசனைக்கு 1926.

கடைசியாக, பத்திரிகை ஆசிரியராகிய உங்களிடம் ஒரு கோரிக்கை. புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பிள்ளைகளின் படத்தைப் புள்ளியோடு போடுகிறீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையும் பார்க்கிறது. படங்களை விடமுடியாது என்றால் புள்ளிகளையாவது நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 1926ஐ அச்சிடுங்கள்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் இருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13