"தப்பு என்னுடையதுதானா அம்மா?"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் "மனத்தைத் தளரவிடாதவரை எந்த நோயும் வெல்வதில்லை" என்று அச்சிட்டிருந்தீர்கள். என் மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் படித்துவிட்டு, "அப்படியானால் தப்பு என்னுடையதுதானா அம்மா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு வயது 19. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். ஆசியர்களிடையே அரிது என்பதால் நான்கு வயது வரை ஆஸ்துமா என்றே மருந்து கொடுத்தார்கள். முத்தமிட்டால் குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறது என்று நான் சொன்னபோது, தலைப்பிள்ளைக்காரியின் பயம் என்று ஒரு மருத்துவர் சிரித்தார். அந்த உப்புதான் இந்நோயின் அடையாளம். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டிப்படும் நோய் இது என்பது நீங்கள் அறியாததல்ல. சாப்பாட்டுடன் அதைச் செரிக்கவைக்கும் நொதி மாத்திரை விழுங்கினால்தான் அவளுக்குச் சோறு உடம்பில் ஒட்டும். "பிள்ளைக்குச் சோறு போடுவதில்லையா?" என்று தேக்காச் சந்தையில் கேட்டவர்களுக்கு இதை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! 2013 ஜூனில் சிங்கப்பூரில் புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்ட அன்று, சன்னல் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்துவிட்டு அவளை மடியில் வைத்திருந்தேன். கொவிட் காலத்தில் அவள் இருமியதும் ரயிலில் எழுந்து நகர்ந்தவர்களையும் நான் மறக்கவில்லை.

காலையும் இரவும் மருந்தைப் புகைபோல மூச்சில் இழுக்கும் நெபுலைசர், பிறகு முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றுவது என்று நாளுக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். சென்ற ஆண்டு அதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டாள். சோம்பேறி என்று திட்டினேன். ஐயா, இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ எடை குறைந்தது. சூடோமோனாஸ் கிருமி நுரையீரலில் பற்றிக்கொண்டது. இரண்டு வாரம் மருத்துவமனையில் படுக்கவைத்து ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். எடை பார்த்தார்கள், குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்றவள் நானே கேட்கவில்லையே.

மனச்சோர்வு வந்தவளால் இரண்டு மணி நேரச் சிகிச்சைக்கு எழுந்து உட்கார முடியாது. சிகிச்சை நின்றால் சளி தேங்கும், மூச்சு முட்டும், மனம் இன்னும் இருண்டுவிடும். ஒன்பது நாடுகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வில், இந்நோயாளிகளிடம் மனச்சோர்வு, பதற்றம் இவற்றின் அறிகுறிகள் பொதுமக்களிடம் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு காணப்பட்டன. இந்நோயுள்ள பிள்ளைகளின் தாய்மாரில் 37 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அத்தனை பேரும் மன உறுதி இல்லாதவர்களா? 12 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மனநிலையைக் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த நெறிமுறை இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. மனநிலையைக் கேட்டறியப் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தமிழில் வெளியிடுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எப்படி இருந்தன என்று கேட்கும் எளிய கேள்விகள்தாம். கால் பக்கம் போதும். கீழே, மனமுடைந்தவர்கள் அழைப்பதற்கு 1767 என்ற எண்ணையும் போடுங்கள். அந்த இதழையும் அதே மேசையில், அவள் கண்ணில் படும்படி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஈசூன்.