குவெல்ஃபிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஸ்பீட் ஆற்றின் கரையெங்கும் இன்னும் பனி கிடக்கிறது. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது; மற்றபடி குறையில்லை.

"கனடாவில் நம்மாட்கள், கம்யூனிஸ்டுகள், உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. கனடா கம்யூனிஸ்ட் கட்சி பிறந்ததே இந்த ஊரின் ஓரத்தில், ஒரு பண்ணைக் கொட்டகையில்தான். 1921 மே மாதம், போலீசுக்குத் தெரியாமல் கூடியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நம் ஊர்க் கதைதான். 1919இல் வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தைக் கண்டு மிரண்ட அரசு, அரசைப் பலவந்தமாக மாற்றச் சொல்லும் அமைப்புகளில் இருப்பதையே குற்றமாக்கும் 98ஆம் பிரிவைக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது. அதை வைத்து 1931இல் தலைவர் டிம் பக்கையும் தோழர்களையும் பிடித்தார்கள். மறுவருடம் கிங்ஸ்டன் சிறைக் கலவரத்தின்போது பக் இருந்த அறைக்குள்ளேயே காவலர்கள் சுட்டார்கள், உயிர் தப்பினார். 1940இல் கட்சிக்குத் தடை. 1943இல் வேறு பெயரில் வந்து, ஃப்ரெட் ரோஸை மாண்ட்ரியலில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வெற்றிபெற வைத்தார்கள். சோவியத்துக்கு உளவு பார்த்ததாகப் பின்னர் அவர் சிறைக்குப் போனார். நீங்கள் முகம் சுளிப்பீர்கள், ஆனால் நடந்தது அதுதான்.

இன்று நாடு முழுவதும் சேர்த்தே சில ஆயிரம் வாக்குகள். வங்கிகளும் எரிசக்தியும் பொதுவுடைமையாக வேண்டும், நேட்டோ ராணுவக் கூட்டணியை விட்டு விலக வேண்டும், பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்கும் பூர்வகுடிகளுக்கும் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்கிறார்கள். கடைசிக் கோரிக்கைக்காகவே எனக்கு இவர்கள்மேல் மதிப்பு.

ஆனால் உங்களுக்குப் பிடிக்கப்போவது ஒரு வழக்கு. 1993இல் வந்த சட்டப்படி, 50 வேட்பாளர்களை நிறுத்தாத கட்சி பதிவை இழக்கும். அப்போது டெபாசிட் ஆளுக்கு 1000 டாலர். ஏழைக் கட்சி எங்கே போகும்? பதிவு போனது. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் போனது. சொத்தை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தை அரசிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். தலைவர் மிகெல் ஃபிகரோவா நீதிமன்றம் போனார். பத்து வருடம் இழுத்த வழக்கில், 2003 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. இப்போது ஒரு வேட்பாளரும் 250 உறுப்பினர்களும் இருந்தால் போதும். இவர்களுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கும் குட்டிக் கட்சிகளும் அந்தத் தீர்ப்பில்தான் பிழைத்திருக்கின்றன. நன்றி சொன்னார்களா என்று கேட்காதீர்கள்!

சங்க அலுவலகத்தில் இதைப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். ஃபிகரோவாவை முதலில் சொல்லுங்கள். ஃப்ரெட் ரோஸை விட்டுவிட்டாலும் நான் கோபிக்க மாட்டேன்.

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் எழுதுங்கள், பணம் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்
செல்வி