தொண்டைக்குக் காவல் இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழாவில் எனக்குப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. 32 வருஷமாகப் பிள்ளைகளிடம் "மூச்சை முதலில் எடு, அப்புறம் பாடு" என்று சொல்லி வந்தவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வராமல் நின்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் "பேச வேண்டாம் மேடம், பாடிடுங்க" என்றாள். அதுவும் ஆகவில்லை. அன்று விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை. போட்டால் விடுபட்ட பெயர்களுக்கு நான் ஆயுசு முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உரியவருக்கு உரியது எது என்று படித்தால் தெரிந்துவிடும்.

முதலில் மயிலாடுதுறை டீச்சரம்மா. அவர் இப்போது இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாவற்றையும் மாயாமாளவகௌளை ராகத்திலேயே வைத்து, இரண்டு வருஷம் வேறு ராகத்தின் பக்கம் திரும்ப விடாதவர். ஸ்வரமாகப் பாடியதையெல்லாம் 'ஆ' என்று அகாரத்தில், மூன்று கால வேகத்திலும் பாடிக் காட்டினால்தான் காபி கிடைக்கும். மாசக் கடைசியில் அப்பா கொடுத்தனுப்பும் பணத்தை நீட்டினால், "அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்கிறேன், பையில வை" என்பார். ஏழு வருஷம் படித்தேன். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

சீர்காழி ஓதுவார் ஐயாவையும் இங்கே சொல்ல வேண்டும். தேவாரப் பண்ணில் நட்டபாடை என்றால் நாட்டை ராகம், தக்கேசி என்றால் காம்போதி என்று நான் புத்தகத்தில் படித்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "அது சரி, சம்பந்தர் பாட்டில் அது எங்கே மூச்சு வாங்குது, சொல்லு" என்று கேட்டு என்னை உட்கார வைத்தவர் அவர். பண்ணைப் பட்டியலாகச் சொல்லிக்கொடுக்காமல் பாட்டாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வந்தது அந்தத் திண்ணையில்தான்.

1992இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பயம்தான் அதிகம். டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை, தண்டபாணி தேசிகர் என்று பாடம் சொன்னவர்கள் இருந்த இடம். தெரிந்தவர்கள் பலர் "வேலைக்குப் போனியா, கச்சேரி போச்சு" என்றார்கள். எனக்கு அப்போது தைரியம் கொடுத்தது பாடகர் எஸ். ராமநாதனின் வாழ்க்கை. இங்கேயே படித்து சங்கீத பூஷணம் பட்டம் வாங்கியவர். பின்னாளில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவரானவர். கச்சேரியும் பாடினார், பாடமும் சொன்னார். ஆனால் சொன்னவர்கள் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். மேடைக்கும் வகுப்புக்கும் இருப்பது ஒரே தொண்டை.

வகுப்பில் என்ன நடக்கும் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. என் சுருதி ஐந்து கட்டை; கட்டை ஏறினால் சுருதி உயரும். பெண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதுதான். பையன்களுக்கு ஒன்று, ஒன்றரை. சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்தால் பையன்கள் கீழே போய் முனகுவார்கள், இல்லை மேலே போய்க் கத்துவார்கள். ஒன்றரையில் வைத்தால் என் குரல் இழுபடும். நான் இரண்டிலும் பாடினேன். காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரைக்கும், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே, எல்லோரோடும் சேர்ந்து. சொல்லிக்கொடுப்பது என்றால் கூடவே பாடுவது என்று நினைத்திருந்த காலம். இதில் குற்றம் வேறு யார் மேலும் இல்லை.

2006 டிசம்பரில் சென்னையில் ஒரு மத்தியானக் கச்சேரி. (பாட வாய்ப்புக் கொடுக்க என்னிடமே "நன்கொடை" கேட்ட சபாவும் ஒன்று உண்டு. அதற்கு இந்த மடலில் இடமில்லை. இது வேறு சபா.) காம்போதி ஆலாபனை, தார ஸ்தாயி காந்தாரத்துக்கு, அதாவது மேல் 'க'வுக்குப் போகிறேன். காற்று மட்டும் வருகிறது, ஒலி இல்லை. வாய் திறந்தபடி இருக்கிறது. என் இடது பக்கம் இருந்த வயலின் வித்வான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நான் விட்ட இடத்தில் வில்லை வைத்து, அந்தக் காந்தாரத்தைப் பிடித்து நிறுத்தி, ஏதோ நானே அவருக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஷட்ஜத்துக்கு ('ஸ') இறக்கிக்கொண்டு வந்தார். சபையில் "பலே" என்று ஒரு குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர். மிருதங்கக்காரர் மெல்ல ஃப்ளாஸ்க்கை என் பக்கம் தள்ளினார். மிச்சக் கச்சேரியைக் கீழ் ஸ்தாயியிலேயே ஓட்டினோம். இருபது வருஷத்துக்கு மேல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு எனக்கு வாசித்தவர்கள் இவர்கள். அந்த மத்தியானத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் அவர்கள் சொன்னதில்லை. நானே இப்போதுதான் சொல்கிறேன்.

அப்புறம் புதுச்சேரியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். கேமராவை வாய்க்குள் விட்டு, திரையில் என் குரல் நாண்களை எனக்கே காட்டினார். இரண்டு பக்கமும் கடுகு மாதிரி ஒரு முடிச்சு. "ஐந்து கட்டை ஷட்ஜத்தில் இது இரண்டும் நொடிக்குச் சுமார் 196 தடவை மோதுது. மேல் ஷட்ஜத்தில் அதைப் போல இரண்டு மடங்கு. நீங்க நாள் முழுக்க மோத விட்டிருக்கீங்க, காய்ப்புக் காய்ச்சுப் போச்சு" என்றார். அறுவை சிகிச்சை வேண்டாம், முதலில் ஒரு வாரம் மௌனம், கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அதுவும் நாண்களை இறுக்கும் என்றார். சித்தரத்தை, அதிமதுரம், மிளகுப் பால், பனங்கற்கண்டு என்று ஊரே எனக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரம். "விழுங்குவது எதுவும் குரல் நாண் மேல படாதும்மா, அதுக்கு வழியே வேற" என்று சிரித்தார். ஆனாலும் கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. அதிமதுரத்தை நான் இன்னும் விடவில்லை.

அவர் அனுப்பி வைத்த பேச்சுப் பயிற்சியாளருக்கு அப்போது என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு உறிஞ்சுகுழல். உதட்டைக் குவித்து, குழல் வழியாக "ஊ" என்று குரல் கொடுக்க வேண்டும், தண்ணீர் குமிழி விட வேண்டும். வாய் குறுகும்போது காற்று கொஞ்சம் பின்னால் தள்ளும், நாண்கள் முரட்டுத்தனமாக மோதாது என்று விளக்கினாள். பத்து வயசிலிருந்து பாடுகிற நான், மூன்று மாதம் தினம் நான்கு வேளை டம்ளருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "உன் கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்பார். வீட்டில் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து மாட்டி, எனக்காகத் தொலைபேசியில் பேசி, அந்த மூன்று மாதத்தையும் சிரித்தே கடக்க வைத்த மாமியாருக்கும் கணவருக்கும் தனியாக நன்றி சொன்னால் திட்டுவார்கள். இத்தோடு விடுகிறேன்.

துறையில் நண்பர்கள் என் கோட்பாட்டு வகுப்புகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பாட்டு வகுப்பை மட்டும் நான் விடவில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எனக்குப் பதிலாகப் பாடிக் காட்டினாள். நான் தாளம் போட்டேன், ஸ்வரத்தின் அசைவான கமகத்தை விரலால் வரைந்தேன், தப்பு வந்தால் கையை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் ஒன்று கவனித்தேன். என் குரல் மேலே போர்த்தாமல் இருந்ததால், யாருக்குச் சுருதி சேருகிறது, யாருக்குச் சேரவில்லை என்று முதல் தடவையாக எனக்குக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டது.

கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் முதல் வருஷம் முழுக்க எங்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நாலு கட்டையில் கத்திக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குத் தெரியவே இல்லை. தனியாகக் கூப்பிட்டு, சுருதிப் பெட்டியை ஒன்றரைக்கு இறக்கி, "பாடு" என்று கையைக் காட்டினேன். ஒரு ஷட்ஜம்தான் பாடினான். அறை நிறைந்தது. அவனே மிரண்டுபோய்ப் பெட்டியைப் பார்த்தான். அதற்குப் பிறகு பையன்களுக்குத் தனி நேரம் ஒதுக்கக் கேட்டேன், ஒதுக்கிக் கொடுத்தார்கள். குரல் திரும்பி வந்த பிறகும் நான் வகுப்பில் ஒரு வரியை இரண்டு தடவைக்கு மேல் பாடியதில்லை. கேட்டுவிட்டு, அவர்களையே பாட விட்டேன். மேடையில் அப்புறம் 17 வருஷம் பாட முடிந்ததற்கு அதுவும் காரணம். ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் எனக்குச் சொல்லும் நன்றியில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கு வந்து, யார் உத்தரவும் இல்லாமல் எனக்காகப் பாட்டு அறையைத் திறந்து வைத்த துப்புரவு அக்காவுக்கு நன்றி. என் பாட்டுச் சாதகம் முடியும் வரைக்கும் தாழ்வாரத்தைப் பெருக்காமல் தள்ளிப்போடுவார். தூசி என் தொண்டைக்கு ஆகாது என்று யார் அவருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக, தஞ்சாவூரில் தம்புரா வேலை செய்கிற பெரியவர். பேருந்துப் பயணத்தில் குடம் விரிசல் விட்டு, நாதமே செத்துப்போன தம்புராவைத் தூக்கிக்கொண்டு போனேன். விரிசலுக்கு ஒட்டுப் போட்டார். தந்திக்கு ரீங்காரம் கொடுக்கும் ஜீவா நூலைப் போட வேண்டிய நேரத்தில் நூல்கண்டு எங்கேயோ போய்விட்டது. தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, எச்சில் தொட்டு முறுக்கி, தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் செருகினார். மயிரிழை முன்னால், மயிரிழை பின்னால் என்று நகர்த்திக்கொண்டே மீட்டினார். ஒரு இடத்தில் தந்தி தேனீ மாதிரி ரீங்காரம் பிடித்தது. "அம்மா, இதை அசைக்காதே" என்றார். கூலி வாங்கியது ஒட்டுக்கு மட்டும்தான்.

அந்தத் தம்புராவை நான் வீட்டுக்கு எடுத்து வரவில்லை. பாட்டு அறையில், அதே மூலையில் இருக்கிறது. அடுத்து வருகிறவர் கவனத்துக்கு: நடுவிலுள்ள சாரணைத் தந்திகள் இரண்டும் மழைக்காலத்தில் இறங்கும், காலையில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜீவா நூல் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பாட்டு டீச்சர்,
அண்ணாமலை நகர், சிதம்பரம்