அந்தப் பழைய போட்டோக்களைத் தேடி எடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு நல்ல இடம் அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

இறுதியாண்டில் பத்து நாள் தங்கி வலை போட்டோமே, அந்த ஏரி. நீ ‘மூக்குத்தி’ என்று பெயர் வைத்த அந்த விரல் நீள மீன் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதன் அழிவு அபாயத்தை மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலுக்கு அனுப்பும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. வரைபடத்தில் இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, மீன் கிடைத்த கட்டங்களை எண்ணினேன். ஐந்து. 20 சதுர கிலோமீட்டர். அதன் முழு உலகமும் அவ்வளவுதான்.

“அன்றைக்கு வலை கிழியக் கிடைத்ததே, என்ன ஆபத்து?” என்று நீ சண்டைக்கு வருவாய், தெரியும். எத்தனை மீன் இருந்தாலும், ஒரே ஆபத்தில் மொத்தமும் மாட்டிக்கொள்ளும் என்றால் அதை ஒரே இடமாகத்தான் கணக்கிடுவார்கள். பிலிப்பைன்ஸில் லனாவ் ஏரிக்கென்றே 17 மீன் இனங்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்த வேட்டை மீன்களும் அளவில்லாத மீன்பிடிப்பும் சேர்ந்து முடித்துவிட்டன. 2020இல் 15 இனங்கள் அழிந்ததாக அறிவித்தார்கள். மற்ற இரண்டும் மிஞ்சியிருக்கின்றனவா என்பதே சந்தேகம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன மாதம் விடியற்காலையில் படகுக்காரப் பெரியவர் வலையை உதறினார். கூடை நிறைய ஜிலேபிக் கெண்டை. அடியில் கையை விட்டுக் கிளறித்தான் நம் மீனை எடுத்தேன், மூன்றே மூன்று. செவுளுக்குப் பின்னால் அந்தக் கறுப்புப் புள்ளியோடு உள்ளங்கையில் துடித்தது. “முன்னெல்லாம் இதைத்தான் தூக்கி எறிவோம்” என்றார்.

அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் பழைய பிடிப்புக் கணக்கு எதுவும் யாரிடமும் இல்லை. தொடர்ந்து தேய்கிறது என்று காட்டினால் இது ‘மிக அருகிய இனம்’. காட்டாவிட்டால் இரண்டு படி கீழே, ‘அழிவாய்ப்பு இனம்’ என்றுதான் எழுத முடியும். மனசு பதறுகிறது என்பதற்காகக் கூட்டி எழுத மாட்டேன்.

அப்புறம்தான் விதியை மறுபடி படித்தேன். மீனின் எண்ணிக்கை குறைந்ததைத்தான் காட்ட வேண்டும் என்றில்லை, அது வாழும் இடம் கெட்டுக்கொண்டே வருவதைக் காட்டினாலும் போதும்! அது முட்டையிடுவது கிழக்குக் கரைக் கோரையில். இன்று அங்கே பாதிக்கு மேல் வெறும் சேறு. நாம் போனபோது படகுத்துறை வரை கோரை இருந்தது, நினைவிருக்கிறதா? நீதான் போகிற இடமெல்லாம் கேமராவும் கையுமாக நின்று எங்களைச் சாகடித்தாய். தண்ணீருக்குள் விழுவதற்கு முன் கரையை வளைத்து வளைத்து எடுத்தாயே, அந்தச் சுருள் வேண்டும். அந்தப் போட்டோக்களையும், வருஷவாரியான செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன்.

அத்தை வீட்டுப் பரணில்தான் கிடக்கும். அசலை அனுப்பாதே, ஸ்கேன் செய்து அனுப்பு. பின்பக்கத்தில் தேதி எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.

உன்,
மச்சான்